மரத்துக்குத் தெரிந்தது மனிதனுக்குத் தெரியவில்லையே!

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு நாள். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் நாம் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். காலையிலிருந்து மூன்று தோட்டங்களுக்குப் போய் வந்தாகிவிட்டது. நான்காவது தோட்டத்தில் மூன்று மணிக்குக் கூட்டம். விடியற்காலையில் குடித்த ஒரு கோப்பை கோப்பி-ஓவைத் தவிர வயிற்றில் வேறு எதுவும் இல்லை. மணி இரண்டே கால் இருக்கும். தூரத்தில் தார் ரோடு தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் தலைக்குள் வண்டு குடைவது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு கை கால் சில்லென்று ஆனது. இப்படிக் கொளுத்துகிற வெயிலில் குளிர்கிறதே என்று நினைத்தது நினைவிருக்கிறது. ரோட்டின் வெள்ளைக் கோடு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. எப்படியோ வண்டியை ஓரம் கட்டினோம். நிறுத்தியபின் காலை ஊன்ற முடியவில்லை. வண்டியோடு சேர்ந்து புல்லில் சாய்ந்தோம். பின்னால் லாரி வராதது நம் பெற்றோர் செய்த புண்ணியம்.

பக்கத்துச் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஓடி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நம்மை நிழலுக்கு இழுத்துப் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, சட்டைப் பொத்தானை அவிழ்த்து, தலையில் தண்ணீரை ஊற்றினார்.

"என்னா தம்பி, மூஞ்சி எல்லாம் வெளுத்துப் போச்சி! காலையிலேர்ந்து தண்ணி குடிச்சீங்களா இல்லையா?"

"இல்லக்கா, நேரம் இல்ல."

"தண்ணி குடிக்கவா நேரமில்ல? நல்லா இருக்கே கதை!"

தூக்குச் சட்டியில் வைத்திருந்த கஞ்சித் தண்ணீரில் உப்பைக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். அரை மணி நேரம் கழித்துத்தான் நமக்குப் பேச்சே வந்தது. அப்போது அந்த அக்கா சொன்ன சொல்லை இந்தப் பகுதியைப் படிக்கும் தோட்டத்து மக்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

"நான் முப்பது வருஷம் பால் வெட்டுனவ தம்பி. இருட்டோட போயி ஏன் வெட்றோம்? வெயில் ஏறினா பால் நின்னு போயிடும். மரம் தன் தண்ணிய உள்ளுக்கு இழுத்து வெச்சிக்கும். மரத்துக்குத் தெரியுது. மனுஷனுக்குத் தெரியலியே!"

கூட்டம் போட்டு மற்றவர்களுக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிற நமக்கு, அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

நடந்து போன காலமும் ஓட்டிப் போகும் காலமும்

நம் அப்பா அம்மா காலத்தில் வீடும் வேலையும் ஒரே தோட்டத்தில் இருந்தன. லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக் களத்துக்கு நடை. அங்கிருந்து நிரைக்கு நடை. கொஞ்சம் வசதியானவர்களிடம் ஒரு சைக்கிள் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் பால் ஸ்டோருக்கு வந்துவிடும்.

இன்றைக்கு நிலைமை வேறு. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கூலாய், மாசாய், ஸ்கூடாய், குளுவாங் என்று அடுக்கு வீடுகளிலும் தாமான்களிலும் குடியேறின. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருபது கிலோமீட்டர், முப்பது கிலோமீட்டர். பஸ் கிடையாது, கார் வாங்க வழியில்லை. ஆகவே 'கப்சாய்' என்று நாம் செல்லமாகச் சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள்தான் ஏழையின் குதிரை.

அந்தக் குதிரையை நாம் குறை சொல்லவில்லை. பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோவதும் அதுதான். கிழவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான். ஆனால் இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெயிலில் தலை சுற்றிக் கீழே விழுகிறவனை மருத்துவமனைக் கணக்கில் 'சாலை விபத்து' என்றுதான் எழுதுவார்கள். வெயில் செய்த வேலை அந்தக் கணக்கில் வராது.

கடிகாரம் சொல்வதும் சூரியன் சொல்வதும்

நம் நாட்டில் ஊர்நாட்டைப் போலத் தனியாகக் கோடைகாலம் இல்லை. ஆண்டு முழுவதும் வெயில், ஆண்டு முழுவதும் மழை. ஆனால் ஜொகூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் மாதத்திலும் சூரியன் நேராக நம் உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கிறது. அப்போது நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். அதனால் நம் கடிகாரம் 12 அடிக்கும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. மார்ச் மாதக் கடைசியில் ஜொகூரில் உண்மையான உச்சிப்பொழுது ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடத்துக்குத்தான். தரையும் காற்றும் அதற்குப் பிறகு இன்னும் சூடேறி, இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும் வாட்டி எடுக்கும்.

இதன் பொருள் என்ன? பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை நிழலில் உட்கார்ந்துவிட்டு, "உச்சி வெயில் தாண்டிருச்சி, கிளம்பலாம்" என்று வண்டியை எடுப்பவன், வெயிலைத் தாண்டிப் போகவில்லை. வெயிலின் வாயிலேயே போய் விழுகிறான். நாமும் அப்படித்தான் விழுந்தோம்.

வானிலை ஆய்வு இலாகா வெப்பத்துக்கு மூன்று படிகள் வைத்திருக்கிறது. தொடர்ந்து மூன்று நாட்கள் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் படி, எச்சரிக்கை. 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் படி, வெப்ப அலை. 40-க்கும் மேலே போனால் மூன்றாம் படி, கடும் வெப்ப அலை. நம் நாட்டில் பதிவான மிக அதிக வெப்பம் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் பதிவான 40.1 டிகிரி. அது எல் நினோ ஆண்டு. 2016-லும் எல் நினோ வந்தது. அந்த ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவிலும் வெயிலுக்காகப் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள்.

பள்ளிக்கூடத்தை மூடினார்கள். தோட்டத்தை யார் மூடுவார்?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அந்த 35 டிகிரி என்பது புல்தரைக்கு மேலே, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் வைத்த கருவி காட்டும் கணக்கு. வெயிலில் காய்ந்த தார் ரோடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். கீழே தார், மேலே சூரியன், கால்களுக்கு நடுவே கொதிக்கும் என்ஜின். இந்த மூன்றுக்கும் நடுவில் நம் ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

காற்று செய்யும் மோசம்

மோட்டார் சைக்கிளில் போகும்போது காற்று அடிக்கிறதே, அப்புறம் என்ன சூடு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காற்றுதான் ஏமாற்றுகிறது.

உடம்பு வியர்வையால்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காட்டில் குலை வெட்டும்போது வியர்வை சொட்டுவது கண்ணுக்குத் தெரியும். தாகமும் எடுக்கும். ஓடும் வண்டியிலோ, வியர்வை வந்த மாத்திரத்தில் காற்று துடைத்துக்கொண்டு போய்விடுகிறது. சட்டை காய்ந்தே இருக்கிறது. நாம் வியர்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். சிக்னலில் வண்டியை நிறுத்திப் பாருங்கள், குடத்தைக் கவிழ்த்ததுபோல் கொட்டும்.

கடினமான வேலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை, சிலருக்கு அதற்கு மேலும், தண்ணீர் வெளியேறும். அறுபது கிலோ ஆளுக்கு ஒரு லிட்டர் சொச்சம் குறைந்தாலே போதும். கவனம் சிதறும், கை பிரேக்குக்குப் போவதற்குள் நேரமாகும். நாலு மணி நேரம் குலை வெட்டிவிட்டு வண்டி ஏறுகிறவன் ஏறும்போதே அந்தக் குறைவோடுதான் ஏறுகிறான்.

ஆகவே தாகம் எடுத்தபிறகு குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். வெயிலில் வேலை செய்யும்போது பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு குவளை குடிக்க வேண்டும். வண்டி ஏறும் முன் ஒரு குவளை, இறங்கியதும் ஒரு குவளை. சிறுநீர் தேயிலைச் சாயம் போல இருந்தால் உடம்பு தண்ணீருக்குக் கெஞ்சுகிறது என்று அர்த்தம். நிறையக் குடித்துச் சோறும் உப்பும் சேர்க்காமல் இருப்பதும் தவறு. நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் நம் பாட்டிமார் கண்ட மருந்து. வேலை முடிந்து சம்சுவையும் பீரையும் ஊற்றிக்கொண்டு, "தாகம் தணிஞ்சிருச்சி" என்று வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது உள்ளே இருக்கும் தண்ணீரையும் வெளியே தள்ளும். வெயிலும் மதுவும் ஒரே வண்டியில் ஏறினால், வீடு போய்ச் சேருவது நிச்சயமில்லை.

இது ஒரு நாள் மயக்கத்தோடு முடிவதுமில்லை. மத்திய அமெரிக்காவில் நிக்கராகுவா, எல் சல்வடோர் நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள், இளம் வயது ஆண்கள், ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். ஆண்டுக்கணக்காக வெயிலில் போதிய தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் உழைத்தது அதற்கு முக்கியமான காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அங்கே இப்போது அவர்கள் கேட்பது மூன்றே சொல்: தண்ணீர், ஓய்வு, நிழல். நம் கோரிக்கையும் அதுவேதான்.

உடுப்பும் வண்டியும்

நம் ஊர் ஆட்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நெஞ்சிலும் கையிலும் நேர் வெயில் படாமல் காத்து, முதுகுப் பக்கம் காற்றோட்டமும் தருகிற ஏற்பாடு அது. கறுப்பு ஜாக்கெட்டை விட்டுவிட்டு வெளிர் நிறத்தில், தளர்வாக, முழுக்கை உள்ளதாகப் போடுங்கள். பனியனோடு ஓட்டினால் குளிர்ச்சி என்று நினைப்பது தவறு. தோல் வெந்து, தண்ணீரும் போகும்.

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. புழுக்கம் தாங்காமல் வாரைப் பூட்டாமல் விடுவது, முழங்கையில் மாட்டிக்கொண்டு போலீசைக் கண்டதும் தலையில் வைப்பது, இதெல்லாம் தோட்டப் பாதையில் நாம் தினமும் பார்க்கும் காட்சி. இந்த நாட்டில் ஹெல்மெட் சட்டம் 1973-லேயே வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து போடுவதைவிட மண்டைக்குப் பயந்து போடுவது நல்லது. விபத்தில் சாகும் ஆபத்தை அது நூற்றுக்கு 42 பங்கு குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். புழுக்கத்துக்கு வழி இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து தலையில் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டைப் போட்டு வாரைப் பூட்டுங்கள்.

வண்டிக்கும் வெயில் உண்டு. டயரில் காற்றை விடியற்காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். மத்தியானம் சூட்டில் காற்று விரிந்து அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்திருக்கும். தொய்ந்த டயர் இன்னும் சூடாகி வெடிக்கும். என்ஜின் எண்ணெய் நாள் தவறாமல் மாற்ற வேண்டும். காற்றிலேயே குளிரும் சின்ன என்ஜினுக்கு எண்ணெய்தான் பாதி உயிர். பெட்ரோலைக் கழுத்துவரை நிரப்பி வெயிலில் நிறுத்தாதீர்கள். அதுவும் சூட்டில் விரியும்.

காட்டுப் பாதையில் இன்னும் ஓர் ஆபத்து. வெளியே கண்ணைப் பறிக்கும் வெயில், செம்பனை நிரைக்குள் நுழைந்ததும் இருட்டு. கண் அதற்குப் பழகக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தில்தான் குழியும் விழுந்த மட்டையும் எதிரே வரும் டிராக்டரும் தெரியாமல் போகும். நிழலுக்குள் நுழையும்போது வேகத்தைக் குறையுங்கள். பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையிலும் அப்படியே. ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து சோப்பு நுரைபோல் வழுக்கும். முதல் பதினைந்து நிமிடம் ஒதுங்கி நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

'என் உடம்புக் கோளாறுதானே' என்றவர்

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் குலை வெட்டும் தம்பி ஒருவர், வேலை முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வண்டியில் திரும்பும்போது மயங்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் படுக்கை. மனைவி கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போயிற்று. நாம் போய்ப் பார்த்தபோது, "சொக்சோவுக்கு எழுதிப் போட்டீங்களா தம்பி?" என்று கேட்டோம்.

"அது எப்படிண்ணே? வேலைக் காட்டுல விழலியே, ரோட்டுல விழுந்தேன். மயக்கம் வந்தது என் உடம்புக் கோளாறுதானே. ஆபீசுலயும் அப்படித்தான் சொன்னாங்க. வேலை நேரம் முடிஞ்சிருச்சாம்."

தோழர்களே, இதுதான் நம் அறியாமை. இதுதான் அவர்களுக்கு லாபம்.

சொக்சோ என்று நாம் பழகிய பெர்கேசோ, 1969-ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடப்பது. அந்தச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியிலும், சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடும் இடத்துக்குப் போய்வரும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலை விபத்தாகவே கருதப்படும். ஆனால் வழியை விட்டு விலகிச் சொந்தக் காரியத்துக்குப் போயிருந்தால் அது சேராது. வேலை விட்டு நேரே வீட்டுக்கு வாருங்கள் என்று மனைவிமார் சொல்வதைச் சட்டமும் சொல்கிறது!

விழுந்தால் செய்ய வேண்டியது இது. போலீசில் புகார் செய்யுங்கள். அன்றைக்கே டாக்டரைப் பார்த்து மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்குங்கள். வெயிலில் மயக்கம் வந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீடு, விழுந்த இடம், வேலையிடம் மூன்றையும் காட்டி வழியை ஒரு தாளில் வரையுங்கள். தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். தெரிந்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், தினச் சம்பளக் கணக்கில் நூற்றுக்கு 80 பங்கு தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நம் பக்கத்தில் குலை வெட்டும் வங்காளதேசத் தம்பிக்கும் இந்தோனேசிய அண்ணனுக்கும் இதைச் சொல்லுங்கள். வெயில் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

அந்தத் தம்பிக்குத் தாமதமாகத்தான் எழுதிப் போட்டோம். அலைந்தோம். கிடைத்தது. நகை மீண்டும் மனைவியின் கழுத்துக்கு வந்தது. ஆனால் இப்படி எழுதிப் போடாமலே விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். 1924-ல் அதிகாரபூர்வமாகத் திறந்த அந்தப் பழைய பாலத்தில், மத்தியான ஷிப்டுக்குப் போகிறவர்கள் வெயிலில் நூற்றுக்கணக்கான என்ஜின்களின் சூட்டுக்கும் புகைக்கும் நடுவே அங்குலம் அங்குலமாக நகர்கிறார்கள். அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரின் வேலைக்காய நஷ்டஈட்டுச் சட்டத்தில், சொந்த வண்டியில் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்து பொதுவாகச் சேராது. அப்பாவின் தோட்டத்துப் பயணத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, மகனின் சிங்கப்பூர்ப் பயணத்துக்கு அந்தச் சட்டத்தில் இல்லை. ஆகவே தனி விபத்துக் காப்புறுதி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளட்டும். சிங்கப்பூர் வெள்ளியில் அது பெரிய செலவல்ல.

ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவி 32 டிகிரி காட்டினால், வெளியில் கடின வேலை செய்கிறவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33 காட்டினால் 15 நிமிடம் என்று சிங்கப்பூர் 2023 அக்டோபரில் விதித்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்று வைத்தது. உலகத்தில் ஆண்டுதோறும் 240 கோடித் தொழிலாளர்கள் கடும் வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2024-ல் சொல்லியிருக்கிறது. நாம் தனி ஆள் இல்லை.

நாம் கேட்க வேண்டியது

நம் நாட்டிலும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2016-ல் வெப்பத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அது வழிகாட்டிதான், நாம் கேட்டால்தான் நடக்கும். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

உங்கள் தோட்டத்துக் குழுவில் இதைக் கேளுங்கள்: வெயில் மாதங்களில் பெரட்டை முன்னால் தள்ளி, ஒரு மணிக்குள் காட்டு வேலையை முடிக்க வழி வேண்டும். காட்டிலும் தராசு மேடையிலும் குடிதண்ணீர் வேண்டும். வண்டி நிறுத்த ஒரு தகரக் கொட்டகை வேண்டும். வேலை முடிந்தவர் வண்டி ஏறுமுன் அரை மணி நேரம் உட்கார நிழல் வேண்டும். குலைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு ஓய்வு நேரம் நஷ்டமாகாதபடி கணக்குப் போட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைதான் ஆணிவேர். தண்ணீர் குடிக்கக் குனிந்தால் ஒரு குலை போய்விடும் என்று இருக்கும்வரை எவனும் குனிய மாட்டான்.

விழுந்தவரைக் கண்டால்

தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு, குளிர்ந்த வியர்வை கண்டால் அது களைப்பு. நிழலில் படுக்க வைத்து, உடுப்பைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. அதுவே நல்ல மருந்து.

உடம்பு நெருப்பாகச் சுட்டு, உளறி, ஆளை அடையாளம் தெரியாமல் போனால் அது வெப்பத் தாக்கு. உயிர் போகும் நேரம். 999-க்கு அழையுங்கள். காத்திருக்காமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நமக்கு உதவிய அந்த அக்காவை மறு வாரம் தேடிப் போனோம். ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாங்கிக்கொண்டுதான் போனோம். வாங்கி வைத்துக்கொண்டு அவர் முதலில் கேட்டது:

"தண்ணி குடிச்சிட்டு வந்தீங்களா?"

வண்டியில் மாட்டியிருந்த இரண்டு லிட்டர் போத்தலைக் காட்டினோம். பாதி காலியாக இருந்தது. சிரித்தார்.

உங்கள் வண்டியிலும் இன்றைக்கே ஒரு போத்தலை மாட்டுங்கள். அதைத் தினமும் நிரப்பிக் கொடுப்பது தோட்டத்தின் கடமை என்பதை அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள்.